சாய்ஸில் விட்ட கேள்வி

1

உலகத்துப் பள்ளிக்கூடங்களை எல்லாம் நாளைக் காலையே இழுத்துப் பூட்டி, சாவிக்கொத்தை இந்தக் கதையின் ஆசிரியனிடம் கொடுத்துவிடலாம். ஒரு பிள்ளை வளர்ந்து ஆளான பிறகு பிழைத்துக்கிடக்கத் தேவையான ஒரே பாடத்தை அவன் ஒரு பீரியடில் நடத்தி முடித்து, மிச்ச நேரத்துக்கு எல்லாரையும் விளையாட விட்டுவிடுவான். இதை அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். அந்த வயதில் தெரியாதது என்று எதுவும் இருக்காது.

('நான்' என்று எழுதாமல் 'அவன்' என்று எழுதுவதற்கு இலக்கியக் காரணம் ஏதும் கிடையாது. கல்லூரி மலரில் வந்தால் வீட்டில் படிப்பார்கள். அவ்வளவுதான்.)

கதை பிறந்த இடத்தையும் இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறான்: ஒரு தொண்டை டாக்டரின் அறை. போன புதன்கிழமை அங்கே அவன் வீட்டார் மூன்று பேர் கோரஸ் பாடினார்கள்.

2

முதல் தொடக்கம்: 'ஆபரேஷன் அறையின் விளக்கு ஒரு முழுநிலவைப் போல அம்மாவின் மேல்—'

அடித்தாயிற்று. ஆபரேஷன் வரும் திங்கட்கிழமைதான். நடக்காததற்கு நிலவு எதற்கு?

இரண்டாவது தொடக்கம்: 'கல்வி என்பது—'

இதையும் அடித்தாயிற்று. இப்படித் தொடங்கும் எதையும், எழுதியவன் உட்பட, யாரும் இரண்டாவது வரிக்குப் போய்ப் பார்த்ததில்லை.

மூன்றாவது தொடக்கம், நடந்தபடியே:

அவன் வண்டியை நிறுத்திவிட்டு மாடியேறி வந்தபோது டாக்டரின் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. டாக்டர் ஒரு தாளில் கழுத்து வரைந்து, கழுத்தில் கட்டி வரைந்து, கட்டியைச் சுற்றி வட்டம் போட்டார்.

"இதை எடுத்துருவோம். திங்கக்கிழமை. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது டாக்டர்," என்றார்கள் அப்பா, அம்மா, அக்கா மூவரும். ஒரே ராகம், ஒரே இழுப்பு. ஒன்றாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்த அதே மெட்டு.

அம்மா பஸ் நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எங்கே நிற்கிறது, கூட்டத்தில் தொலைந்த பிள்ளை யாரிடம் அழுதுகொண்டிருக்கிறது என்று ஊருக்கே சொல்வது அந்தத் தொண்டைதான். வீட்டில் பாதி உலை கொதிப்பதும் அதனால்தான். கத்தி வைக்கப்போவதும் அங்கேதான். கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: குரல் இருக்குமா, போய்விடுமா? அதைப் பரீட்சையில் சாய்ஸில் விடுவதுபோல விட்டுவிட்டு மூன்று பேரும் எழுந்து வந்தார்கள்.

3

"கேட்டீங்களா?" என்றான் அவன், வராந்தாவில்.

"என்னத்தடா?" என்றார் அப்பா.

"குரல் என்ன ஆகும்னு."

"சொல்லணும்னா அவரே சொல்லியிருப்பாரு."

"அக்கா, நீ யுனிவர்சிட்டி ஃபர்ஸ்ட்டு."

"அது சிலபஸ்ல இல்லடா," என்றாள் அக்கா. சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "அவரு பேனாவை மூடிட்டாரு. மூடினதுக்கு அப்புறம் எப்படிக் கேக்குறது?"

"வாயாலதான்."

"ஆமா, நீ உள்ள இருந்திருந்தா அப்படியே கிழிச்சிருப்ப."

"கிழிச்சிருப்பேன். 'புரிஞ்சுது டாக்டர்'னு மந்தையில ஆடு மாதிரி கத்திட்டு வந்திருக்கமாட்டேன்."

"ஏண்டா ஆஸ்பத்திரியில வந்து சத்தம் போடுற," என்றாள் அம்மா. கணீரென்று. வரிசையில் உட்கார்ந்திருந்த நாலைந்து பேர் எந்த வண்டியோ என்று திரும்பிப் பார்த்தார்கள்.

4

இங்கே கதை கொஞ்சம் நிற்கட்டும். ஆசிரியனுக்குக் கோபம்.

விடை தெரிந்தவர் கேள்வி கேட்க, தெரியாதவன் பதில் சொல்கிற கூத்து பள்ளிக்கூடத்தில்தான் நடக்கும். அந்தத் தலைகீழ் ஏற்பாட்டில் ஒரு பிள்ளையை நன்றாக ஊறவைத்து, பிழிந்து, காயப்போட்டு, பிறகு கொண்டுபோய் டாக்டர் முன்னாலும் மேனேஜர் முன்னாலும் வீட்டு ஓனர் முன்னாலும் நிறுத்துகிறார்கள். அங்கே விடை அவர்களிடம் இருக்கிறது. கேள்விதான் நம்மிடம் இருக்க வேண்டும். எப்படி இருக்கும்? வகுப்பில் கேள்வி கேட்டவனை 'நடத்தும்போது எங்கே பராக்குப் பார்த்தாய்' என்று பெஞ்சு மேல் ஏற்றி, மற்றவர்களைச் சிரிக்கவும் சொன்னார்களே.

'உனக்குத் தெரியாத ஒன்றை, தெரிந்தவரிடம், அவர் பேனாவை மூடிய பிறகும் கேட்கவும். பத்து மதிப்பெண்.' இப்படி ஒரு வினாத்தாளை அவன் கண்ணால் கண்டதில்லை. முக்கோணத்தின் பரப்பளவு வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை. அம்மாவின் கழுத்தில் முக்கோணம் இல்லை, அதைத்தான் சொல்கிறான்.

அப்பாவை வில்லனாக்குவதாகத் திட்டம். அவர் கணக்கு வாத்தியார். 'புரிஞ்சுதா' என்று கேட்டே தலை நரைத்தவர். இதைவிடத் தோதான ஆள் கிடைக்கமாட்டார். துவைத்த சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தவரிடம் போய் நின்றான்.

"'புரிஞ்சுது சார்'னு கத்துறாங்களே, நெஜமாவே புரிஞ்சிருக்குமாப்பா?"

"புரிஞ்சிருக்காது."

"தெரிஞ்சேதான் விட்டுருவீங்களா?"

"இல்லன்னு ஒருத்தன் சொன்னா மறுபடி நடத்தணும். பெல் அடிச்சிரும்." இன்னொரு சட்டையை எடுத்தார். "அன்னிக்கு எனக்குப் பயமா இருந்துச்சுடா. குரல் போயிரும்னு டாக்டர் சொல்லிட்டா, என்ன பண்றது?"

வில்லன் கெட்டுப்போனார்.*

(* அப்பாவுக்குப் பயம் என்பது முதல் வரைவில் இல்லை. கோபத்துக்கு அது இடைஞ்சல். எடுத்துவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்துப் பார்த்தான், எடுக்க வரவில்லை.)

5

முடிவு ஒன்று: கதாநாயகன் டாக்டரின் மேஜையில் ஓங்கித் தட்டிக் கேட்கிறான். டாக்டர் எழுந்து நின்று, 'தம்பி, இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு கேள்வியை—'

வேண்டாம். டாக்டர் எழுந்து நின்றார் என்றால் மலர்க் குழுவே நம்பாது.

முடிவு இரண்டு: அப்பா கேட்கிறார். எல்லார் கண்ணிலும் நீர். முதல் பரிசு. (எழுதும்போதே குமட்டுகிறது.)

முடிவு மூன்று: அம்மாவே கேட்கிறாள். இதை மட்டும் அம்மாவிடம் சொல்லிப் பார்த்தான்.

"நான் கேட்டா அழுதுருவேன்டா," என்றாள். "அழுதா அவரு சொல்றது காதுல விழாது. நீ கேட்டுச் சொல்லு. உனக்குத்தான் வாய் இருக்குல்ல."

6

சனிக்கிழமை ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைக் காட்ட வேண்டியிருந்தது. அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். அவன் உள்ளே போனான். நாற்காலி காலியாகத்தான் இருந்தது. நின்றுகொண்டான்.

டாக்டர் நல்ல மனிதர். கத்தவில்லை, முறைக்கவில்லை. கோபப்பட அவர் ஒரு வசதியும் செய்து தரவில்லை. தாளைப் பார்த்தார்.

"எல்லாம் சரியா இருக்கு. திங்கக்கிழமை காலையில வெறும் வயித்தோட கூட்டிட்டு வாங்க. வேற?"

"டாக்டர், அம்மாவோட..."

"அம்மாவோட?"

"அம்மாவோட பிரஷர் மாத்திரை... அன்னிக்குக் காலையில குடுக்கலாமா?"

"ஒரு வாய் தண்ணியில குடுங்க. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது டாக்டர்."

(இங்கே ஒரு முடிவு வர வேண்டும். ஆனால் மலர் ஞாயிற்றுக்கிழமை அச்சுக்குப் போகிறது, ஆபரேஷன் மறுநாள். குரல் இருந்ததா, போய்விட்டதா என்று வாசகர் கேட்கலாம். ஆசிரியன் அதே கல்லூரியில்தான் இருக்கிறான், வழியில் நிறுத்தியே கேட்கலாம். கேட்கிறீர்களா என்று பார்ப்போம்.)

வெளியே அம்மா எழுந்து நின்றாள். புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"என்னடா சொன்னாரு?"

"எல்லாம் சரியா இருக்காம். காலையில வெறும் வயித்தோட வரணும், மாத்திரை மட்டும் போட்டுக்கலாம்." வண்டிச் சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான். "புரிஞ்சுதாம்மா?"

அம்மா அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"புரிஞ்சுதுப்பா," என்றாள்.