இன்னும் ஒன்பது நாள்

தையற்கடைக்கார அம்மாள் மூன்றாவது முறையாக ஓட்டுநர் தேர்வுக்கு வந்திருந்தார். வண்டியைப் பின்னோக்கி எடுத்து இரண்டு கம்பங்களுக்கு நடுவே நிறுத்த வேண்டும். கண்ணாடியைப் பார்க்க வேண்டியவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். அந்த நேரம் பார்த்து என் மடியிலிருந்த கைப்பேசி துடித்தது. நெட்டை. என்னோடு ஓடிய பழைய தோழி; ஆறு வருடங்களாக ஒரு முறைகூட அழைக்காதவள். கம்பம் சாய்ந்த சத்தம் கேட்ட பிறகுதான் நான் நிறுத்தச் சொல்லியிருக்கவேண்டும் என்பதே உறைத்தது. அம்மாள் கைக்குட்டையை எடுத்து நீட்டினார். "ஒரு கம்பம் விழுந்ததுக்கு இப்படியா மேடம் வேர்க்கும்? விடுங்க, நான் அடுத்த மாசம் வர்றேன்" என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். தேர்வில் தோற்றவர் தேர்வாளரைத் தேற்றியது இந்த அலுவலகத்தில் அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

ஒரு காலத்தில் இந்த நாட்டிலேயே வேகமாக ஓடிய பெண் நான். நால்வர் ஓடும் தொடர் ஓட்டத்தில் வென்ற பதக்கத்துக்காகத்தான் இந்த வேலையைக் கொடுத்தார்கள். வேகத்தால் வந்த வேலையில் தினமும் இருபது பேரிடம் "மெதுவா, மெதுவா" என்று சொல்கிறேன். ஓடி ஓடிச் சம்பாதித்ததை உட்கார்ந்தே சாப்பிடுகிறாய் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்ப்பவர் அவர். வருகிறவர்களுக்கெல்லாம் கண்ணைச் சோதிப்பதற்கு முன்னால் என் பதக்கக் கதையைச் சொல்லிவிடுவார். இப்போது இரண்டு மாடி ஏறினாலே என் முழங்கால் முனகுகிறது. அதைப் பற்றி எனக்கு வருத்தம் கிடையாது. முழங்கால் நேர்மையாகத் தேய்ந்தது.

பயமெல்லாம் ஒரு புட்டியைப் பற்றித்தான். அன்றைக்கு வெற்றிச் சுற்று முடிந்ததும் எங்கள் நால்வரில் சீட்டுக் குலுக்கி இரண்டு பேரைச் சோதனை அறைக்குக் கூப்பிட்டார்கள். நெட்டையும் நானும். எங்கள் கண்ணெதிரேயே சிறுநீரைப் புட்டியில் ஊற்றி முத்திரை வைத்து எண் எழுதினார்கள். அன்று எதுவும் அகப்படவில்லை. ஆனால் மீதியைக் கொட்டிவிட மாட்டார்கள். பத்து வருடம் உறைகுளிரில் வைத்திருந்து, புதுக் கருவிகள் வந்ததும் மறுபடி திறந்து பார்ப்பார்கள். பத்து வருடம் தாண்டிவிட்டால் யாரும் கை வைக்க முடியாது. அந்த வருடத்துப் புட்டிகளை ஒவ்வொன்றாகத் திறக்கிறார்கள் என்ற செய்தி போன மாதம் வந்தது. அன்றிலிருந்து நான் நாள் எண்ணுகிறேன். வாசல் மணி அடித்தால் குளியலறைக்குள் போய் நின்றுகொள்கிறேன். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்? எனக்கு மடி நிறையக் கனம்.

பயிற்சியாளர் சார் அந்தப் பருவம் முழுக்கச் சின்னதாய் ஒரு வெள்ளை மாத்திரை கொடுத்தார். பெட்டியில் ஒட்டியிருந்த தாளைக் கிழித்திருந்தார். வைட்டமின் என்றார். வைட்டமினுக்கு எதற்குத் தாளைக் கிழிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பதில் தெரிந்ததால்தான் கேட்கவில்லை. இதையாவது ஒருநாள் யாரிடமாவது சொல்லி அழுதுவிடலாம். சொல்ல முடியாதது வேறு. நெட்டை எதையும் எளிதில் வாயில் போடமாட்டாள். தலைவலிக்குக்கூட மாத்திரை வேண்டாம் என்பாள். "நீ சொன்னா முழுங்குவா" என்று சார் இரண்டு மாத்திரைகளை என்னிடமே கொடுத்தார். நான் ஒன்றை அவள் உள்ளங்கையில் வைத்து, வைட்டமின்தான், முழுங்கு என்றேன். அவள் தண்ணீர்கூடக் கேட்கவில்லை. அன்றிலிருந்து தினமும் அப்படித்தான்.

இந்த வாரம் முழுக்கத் தூக்கமில்லை. முழங்கால் வலி என்று வீட்டுக்காரரிடம் பொய் சொன்னேன். அவர் தைலத்தைச் சுடவைத்துக்கொண்டு வந்து, இல்லாத வலிக்கு அரைமணி நேரம் தேய்த்துவிட்டார். அப்போது அவருடைய விரல்களைப் பார்க்கவே எனக்குக் கூசியது.

மதிய இடைவேளையில் நெட்டை நேரிலேயே வந்துவிட்டாள். தேர்வு மைதானத்து ஓரம் வண்டிகள் நிற்கும் கொட்டகையின் கீழ், தேர்வுக்குக் காத்திருப்பவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பெஞ்சு அவளுக்குப் போதாமல் முழங்கால்கள் மேலே தூக்கிக்கொண்டிருந்தன. பள்ளிக்கூடப் பெண்களுக்கு ஓட்டம் சொல்லிக்கொடுக்கும் வேலை அவளுக்கு. கழுத்தில் இன்னும் விசில் தொங்கியது. என்னைத் திட்ட வந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். திட்டட்டும், அடிக்கட்டும், ஆனால் இங்கே வேண்டாமே, இத்தனை பேர் முன்னால் வேண்டாமே என்று வேண்டிக்கொண்டே பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"லெட்டர் வந்துடுச்சுடி" என்றாள். "என் பாட்டில்ல மருந்து இருக்காம்."

அவளே மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டு போனாள். நாலு வருடம் தடையாம். மைதானத்துப் பக்கமே தலை காட்டக்கூடாதாம். பதக்கம் நால்வருக்கும் போய்விடுமாம். ஆனால் என் வேலையை யாரும் தொட முடியாது, என் புட்டியில் ஏதாவது வந்தாலொழிய. அதையும் விசாரித்துவிட்டுத்தான் வந்திருந்தாள். யார் கொடுத்தது என்று எழுதிக் கேட்டார்களாம்.

"நானே கடைல வாங்கிச் சாப்பிட்டேன்னு எழுதிக் குடுத்துட்டேன்."

ஏன் அப்படி எழுதினாய் என்று கேட்டேன்.

"வேற என்னத்த எழுத? சார் போய்ச் சேர்ந்துட்டார். நீயும் வைட்டமின்னு நெனச்சுத்தானே குடுத்தே. பாவம், உனக்கென்ன தெரியும்? ரெண்டு பேரும் எதுக்கு மாட்டணும்? இன்னும் ஒம்போது நாள்தான். வாயத் தொறக்காம இரு."

"நெட்டை" என்றேன். அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. கூடவே இன்னொன்றும் அடித்துக்கொண்டது: ஒன்பது நாள், ஒன்பதே நாள். சொன்னால் இவள் எழுதிய தாள் மாறும், என் பெயர் அதில் ஏறும். வேலை, கண்ணாடிக்கடையில் கதை சொல்லும் மனுஷன், எல்லாம் வரிசையாகக் கண்முன்னால் வந்தன. பயத்துக்கு முன்னால் நான் எப்போதுமே மெதுவானவள்தான்.

"சாப்பிட்டியா?" என்று கேட்டேன்.

சாப்பிட்டேன் என்றாள். முகத்தைப் பார்த்தால் பொய் என்று தெரிந்தது. அதற்குள் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவளும் எழுந்து, தன் பள்ளிக்கூடப் பெண்களை இனி யார் பார்த்துக்கொள்வார்களோ என்று தனக்குள் சொல்லிக்கொண்டே பைக்குள் எதையோ தேடினாள். நான் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். ஓட்டுகிறவர் ஒரு மருந்துக்கடை விற்பனையாளர். பெல்ட் போட்டு, கண்ணாடி சரிசெய்து, எல்லாம் பாடமாகச் செய்தார். கிளம்பலாமா என்று கேட்டார். தலையாட்டினேன்.

வண்டி உறுமியது. நகரவில்லை. அவர் இன்னும் அழுத்தினார். வண்டி முழுதும் உதறியது.

"மேடம், வண்டி நகர மாட்டேங்குது."

முன்கண்ணாடிக்கு நேரே நெட்டை வாசலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டுத் திரும்பினாள். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர் பயப்படுகிறார் என்று நினைத்தாள் போலிருக்கிறது. சிரித்துக்கொண்டே, வா, வா என்று அவருக்குக் கையைக் காட்டினாள். தேர்வு வண்டியில் தேர்வாளரின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. நான் குனிந்து பார்த்தேன். என் வலது கால் அதை அடிவரை மிதித்துக்கொண்டிருந்தது. எடு, எடு என்று காலிடம் சொன்னேன். தொடை நடுங்கியதே தவிர, கால் வரவில்லை. வெளியே நெட்டை இன்னும் கையைக் காட்டிக்கொண்டே நின்றாள்.