புள்ளி பெருத்த தட்டு

டைக்காரருக்குப் படிப்பு ஏறவில்லை, வியாபாரம் ஏறியது. தான் கலக்கிய தலைமுடி டையை முதலில் தன் தலையிலும் அடுத்துப் பெண்டாட்டி தலையிலும் பூசிப் பார்த்துத்தான் கடைக்கு அனுப்புவார். அதைவிடப் பெரிய சோதனை உண்டா? ஆனால் புற்றுநோய் வருமா என்று ஆய்வுக்கூடத்தில் பார்க்காமல் இனி விற்கக் கூடாதென்று சட்டம் வந்துவிட்டது.

படித்தவன் எழுதித் தருவதை அவர் எந்தக் காலத்தில் நம்பினார்? டையை ஆய்வுக்கூடத்தில் கொடுத்துவிட்டு, முடிவு சொல்லும் நாளில் நேரே போய் நின்றார்.

"காகிதம் வேணாம்மா. கண்ணால காட்டு."

ஆய்வுக்காரப் பெண் இரண்டு வட்டத் தட்டுகளை வெளிச்சத்தில் வைத்தாள். ஒன்றில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்ளைப் புள்ளிகள். மற்றதில் உப்பைக் கொட்டியது போல.

"புள்ளியெல்லாம் கிருமிங்க ஐயா. ஒவ்வொண்ணும் ஒரு கூட்டம்."

"என் டை எதுல?"

"நிறைய இருக்கறதுல. இன்னொண்ணு டை கலக்காத தட்டு."

டைக்காரருக்கு வாயெல்லாம் பல்.

"பாத்தியா! கிருமிக்கே கெடுதல் இல்ல. புள்ளகுட்டியோட பெருத்துக் கிடக்கு!"

"அது இப்படிப் பெருகக் கூடாதுங்க."

"அது பெருகினா உனக்கென்னம்மா வயித்தெரிச்சல்?"

அவள் சிரிக்கவில்லை.

"இது பழுதான கிருமி ஐயா. தனக்கு வேண்டிய ஒரு சத்தைத் தானா செஞ்சுக்கத் தெரியாது. அந்தச் சத்து இல்லாத தட்டுல பட்டினியாத்தான் கிடக்கணும், ஒண்ணு ரெண்டுதான் தானா மாறித் தப்பிக்கும். உங்க டை அதோட மரபணுவையே மாத்தியிருக்கு, அதான் சத்தைத் தானே செஞ்சு பொழைச்சுக்கிச்சு. கிருமியோடதை மாத்தற சரக்கு மனுஷனோடதையும் மாத்தலாம். புற்றுநோய் அப்படித்தான் ஆரம்பிக்கும்."

"வரும்ங்கறியா?"

"வரும்னு சொல்லல. சந்தேகம். இன்னும் சோதிக்கணும். அதுவரைக்கும் விக்காதீங்க."

ஊரையே சந்தேகப்பட்டு வாழ்ந்த மனிதர். தன் சரக்கை ஒருத்தி சந்தேகப்படுவது அவருக்குப் புதிது. 'எல்லாம் பொய்' என்று மனசு சொன்னது. தலையைக் கோதப் போன கை மட்டும் பாதியிலேயே நின்றுவிட்டது.

வீட்டில் பெண்டாட்டி தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, கிண்ணமும் பிரஷ்ஷுமாகக் கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"நல்ல நேரத்துல வந்தீங்க. காதோரம் வெளுத்துப்போச்சு, பூசி விடுங்க."

அவர் கிண்ணத்தைப் பிடுங்கிச் சாக்கடையில் கொட்டினார்.

"எதுக்கு இந்தக் கண்றாவி? நரையிலதான் நீ லட்சணமா இருக்கே."

கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த வாயில் வராத வார்த்தை. அவள் திரும்பி, அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"உண்மையைச் சொல்லுங்க. எவ அவ?"

"அடி, அந்த ஆய்வுக்கூடத்துல ஒரு பொண்ணு..."

"அதானே பாத்தேன்!"