நாற்பத்து மூன்று தடவை வெளியே போனவர்

இப்படி நெருங்கி உட்காருங்கள், கண்களா. காதில் மிஷின் வைத்திருப்பவர்கள் அதைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். மூக்கைச் சுளிக்க மாட்டோம் என்று எனக்கு ஒரு வாக்கு மட்டும் கொடுங்கள். ஒரே ஒரு சொல்லால் பதினான்கு வயோதிகர்கள் படுக்கையோடு தெருவுக்கு வரப் பார்த்ததையும், அதே சொல் அவர்களைக் கரையேற்றியதையும் சொல்லப்போகிறேன். சாப்பிட்டு முடித்தாயிற்றுதானே? நல்லது, அதுவும் முக்கியம்.

சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், இரண்டு கடைவீடுகளின் நடுச்சுவரை இடித்து ஒன்றாக்கிய இடம்தான் மைமூன் முதியோர் இல்லம். அன்று செவ்வாய்க்கிழமை காலை. தாதி உதவியாளர் சந்திரமதி, ஜன்னலோரக் கட்டிலில் இருக்கும் காதர் மைதீனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். அவருக்கு வயது எண்பத்து நான்கு. நாற்பது வருஷம் பெட்டிக்கடை வைத்திருந்தவர். வெற்றிலைப் பெட்டிக்கடை அல்ல, பயணப்பெட்டி விற்ற கடை. இடுப்பு எலும்பு முறிந்த நாளிலிருந்து ஆறு வருஷமாக அவருடைய பயணமெல்லாம் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கும், சக்கர நாற்காலியிலிருந்து கட்டிலுக்கும்தான். வாய்க்கு மட்டும் எலும்பு முறியவில்லை.

"உப்பு எங்க புள்ள? உங்க செங்காங்ல உப்பு விக்கிறதில்லையா?"

"உங்க பிரஷருக்கு நான் வேற உப்பு போடணுமாக்கும். வாயத் திறங்க பாய்."

அப்போதுதான் ஹலீமா கையில் ஒரு கடிதத்தோடு வந்து நின்றார். இல்லம் அவருடையது, பெயர் அவருடைய அம்மாவுடையது. அந்த முகத்தைப் பார்த்ததும் சந்திரமதி கரண்டியைக் கிண்ணத்திலேயே வைத்துவிட்டாள்.

"அக்கா, மாமாவ நீங்க யாராச்சும் வெளிய கூட்டிட்டுப் போனீங்களா?"

"வெளியவா? இவரையா?"

"மூணு மாசத்துல நாப்பத்து மூணு தடவை வெளிய போயிருக்காருன்னு எழுதியிருக்காங்க. சில நாள் விடியக்காலை நாலு மணிக்கு. கூட யாரும் போகல, கையெழுத்தும் இல்லையாம்."

காதர் மைதீன் கஞ்சியை விழுங்கிவிட்டுக் கேட்டார். "நானா? எந்த ஊருக்குப் போனேனாம்?"

இல்லத்தின் உரிமம் அடுத்த மாதம் முடிகிறது. புதுப்பிக்கும் முன்பு எல்லாவற்றையும் சோதிப்பது வழக்கம். போன மாதம் வந்த அதிகாரிகள் தீயணைப்புக் கருவியைப் பார்த்தார்கள், குளியலறைக் கைப்பிடியை ஆட்டிப் பார்த்தார்கள், மருந்து அலமாரியைத் திறந்து பார்த்தார்கள். போகும்போது, இதுவரை இல்லாத வழக்கமாக, சந்திரமதியின் தினசரிக் குறிப்பேடுகள் மூன்றையும் எடுத்துப்போனார்கள். இப்போது அந்தக் குறிப்பேடுகள்தான் சாட்சி சொல்கின்றன என்றது கடிதம். காதர் மைதீன் நாற்பத்து மூன்று முறை வெளியே போயிருக்கிறார். அது போதாதென்று, பிப்ரவரி ஒன்பது முதல் பன்னிரண்டு வரை 'வெளியே போகவில்லை' என்று தனியாக எழுதி அடிக்கோடும் போட்டிருக்கிறது. ஏன், அடைத்து வைத்திருந்தீர்களா என்றும் கேட்டிருந்தது.

ஹலீமா உடனே தொலைபேசியில் கேட்டார். அவரால் எழுந்து நிற்கவே முடியாது, எப்படிப் போவார் என்று கேட்டார். மறுமுனையில் பேசிய உரிம அதிகாரி கோ மேடம் குரலை உயர்த்தவில்லை. உங்கள் புத்தகத்தில் இருப்பதைத்தான் எழுதியிருக்கிறோம். அவர் போயிருந்தால் கவனிப்பு இல்லை. போகவில்லை என்றால் புத்தகம் பொய். இரண்டில் எதுவானாலும் உரிமத்தைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கும். வியாழக்கிழமை நேரில் வருகிறோம் என்று சொல்லிவிட்டார்.

புத்தகம் பொய். இந்த இரண்டு சொல்லும் சந்திரமதியின் நெஞ்சுக்குள் மீன்முள்ளாகக் குத்திக்கொண்டு நின்றன. தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்போடு நின்றவள் அவள். பதினாறு வருஷமாக ஒரு நாள் தவறாமல், ராத்திரி ஆள் சொல்வதையும் கேட்டு, ஒவ்வொருவர் பெயருக்கும் நேராக, சாப்பிட்டது, தூங்கியது, இருமியது, சிரித்தது என்று குண்டு குண்டாகத் தமிழில் எழுதி வந்திருக்கிறாள். ஹலீமாவுக்கு அதைப் படிக்கத் தெரியாது. பள்ளியில் இரண்டாம் மொழியாக மலாய் எடுத்தவர். தமிழ் அவர் வாயில் தண்ணீராக ஓடும், காகிதத்தில் கண்டால் கோலமாகத் தெரியும். 'நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும் அக்கா' என்று நம்பிக் கையெழுத்துப் போடுவார். அந்த நம்பிக்கைக்குத் தானே குழி வெட்டிவிட்டோமோ என்று சந்திரமதி மறுகினாள்.

என்ன எழுதித் தொலைத்தேன்? புத்தகமோ அவர்கள் கையில் இருக்கிறது. இரண்டு நாளும் செங்காங்கிலிருந்து ரயிலில் வரும்போதெல்லாம் இதே யோசனைதான். வாசல் கதவு திறந்தால் மணி அடிக்கும். எந்த நாளும் காரணமில்லாமல் அது அடித்ததில்லை. இல்லத்தை மூடினால் ஒருவரை உட்லண்ட்ஸுக்கும் ஒருவரைக் கிளமெண்டிக்கும் அனுப்புவார்கள். போகிற இடங்களும் நல்ல இடங்களாகவே இருக்கலாம். ஆனால், 'மாருல அடைக்குது' என்று ஒரு கிழவர் தமிழில் சொன்னால் அங்கே யாருக்குப் புரியும்? இந்தப் பதினான்கு பேரையும் சிதறடித்தது என் கையெழுத்துதான் என்று ஆகிவிடுமோ?

வியாழக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. கோ மேடம் குடையை வாசலிலேயே விரித்து வைத்துவிட்டு வந்தார். அவரோடு வந்த அதிகாரி அனுப்ரியாவுக்கு இருபத்தெட்டு வயதிருக்கும். குறிப்பேடுகளை ஆங்கிலத்தில் பெயர்த்தது அவர்தான். பள்ளியில் தமிழில் முதல் மாணவியாம். மேடைப் பேச்சில் கோப்பை வாங்கியவராம். அவர் நேரே காதர் மைதீனின் கட்டிலருகே போய்க் கைகூப்பினார்.

"வணக்கம் ஐயா. உங்கள் உடல்நலம் எப்படி இருக்கிறது?"

காதர் மைதீன் சந்திரமதியைப் பார்த்தார். "யாரு புள்ள இது, நியூஸ் வாசிக்கிறவங்களா?"

"ஆபீஸர் பாய். சும்மா இருங்க."

"ஐயா, நீங்கள் அடிக்கடி வெளியே செல்வீர்களா?"

"எங்கம்மா போறது? தெருவப் பாத்து ஆறு வருஷமாச்சு."

அனுப்ரியா அதைக் குறித்துக்கொண்டார். கோ மேடம் ஜன்னலோரமாக நின்றார். ஹலீமா விரல்களைப் பிசைந்துகொண்டிருந்தார். சந்திரமதி காதர் மைதீனைப் பார்த்தாள். அவர் போகவில்லை என்று அவரே சொல்லிவிட்டார். அப்படியானால் புத்தகம்தான் பொய்.

"ஆனால், நீங்கள் வெளியே போனதாக இந்த அம்மா எழுதியிருக்கிறார், ஐயா. சற்று நினைவுபடுத்திப் பாருங்கள். நள்ளிரவுக்குப் பிறகு, விடியற்காலையில் யாராவது…"

காதர் மைதீன் நினைவுபடுத்திப் பார்க்கவில்லை. அவர் முகம் வேறொரு பக்கம் போய்க்கொண்டிருந்தது. புருவம் சுருங்கியது, உதடு இறுகியது, வலது கை கட்டில் கம்பியைப் பிடித்தது. சந்திரமதிக்குத் தெரிந்த முகம் அது.

"புள்ள," என்றார் அவர் தாழ்ந்த குரலில். "எனக்கு வெளிக்கு வருது."

அனுப்ரியாவின் பேனா நின்றது. கண்ணில் ஒரு வெளிச்சம். பிடித்துவிட்டோம் என்று நினைத்தாரோ என்னவோ, பரிவோடு குனிந்து சொன்னார். "ஐயா, வெளியே மழை பெய்கிறது. இப்போது போக முடியாது."

"மழை பெஞ்சா எனக்கென்னம்மா? அது மழையப் பாத்துக்கிட்டா வருது?"

"சற்றுப் பொறுத்துக்கொள்ளுங்கள் ஐயா. மழை விட்டதும் போகலாம்."

"பொறுக்கிற விஷயமா இது? நீங்க பொறுப்பீங்களா?"

சந்திரமதி அப்படியே நின்றாள். வெளிக்கு. வெளியே. மார்ச் மாதப் பக்கம் கண் முன்னால் வந்து நின்றது. அவளுடைய குண்டுக் கையெழுத்து: 'காதர் மைதீன் ஐயா. வெளிக்குப் போனார். ஒரு தடவை.' வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே யோசித்து எடுத்த சொல். ஒரு பெரிய மனிதரின் பெயருக்குப் பக்கத்தில் அந்தப் பச்சைச் சொல்லை எழுத அவளுக்குக் கை வரவில்லை. வீட்டில் அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் எப்படிச் சொல்வார்களோ அப்படியே, மரியாதையாக எழுதினாள். அந்த மரியாதைதான் நாற்பத்து மூன்று தடவை அவரைத் தெருவில் விட்டிருக்கிறது.

"ஆபீஸரம்மா," என்றாள் சந்திரமதி. "கொஞ்சம் தள்ளிக்குங்க. இவர் ஒரு நாளைக்கு ஒரு தடவை வெளிக்குப் போனா நாங்க எல்லாரும் சந்தோஷப்படுவோம். போகாட்டிதான் கவலை."

கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்பேனை எடுத்தாள். டயப்பர் கட்டாதவர் இல்லத்தில் இவர் ஒருவர்தான்; மற்றவர்களுக்கு 'டயப்பர் மாற்றினேன்' என்றே எழுதுவாள். கட்டிலைச் சுற்றித் திரையைச் சரேலென்று இழுத்தாள்.

திரைக்கு இந்தப் பக்கம் மூன்று பேர். அனுப்ரியா பெட்பேன் போன திசையைப் பார்த்தார், கையிலிருந்த குறிப்பேட்டைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். காது மடலில் ஆரம்பித்த சிவப்பு கழுத்து வரைக்கும் இறங்கியது. ஹலீமா வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார். தோள் மட்டும் குலுங்கியது.

"வாட் டிட் ஹி சே?" என்றார் கோ மேடம்.

"மேடம்," என்றார் அனுப்ரியா. "அவுட்சைட்… இஸ் நாட் அவுட்சைட்."

பிறகு மெதுவாக ஏதோ சொன்னார். கோ மேடம் கேட்டுக்கொண்டே இருந்தார். கண்ணாடியைக் கழற்றினார். நாற்பத்து மூன்றும் அதுதானா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஃபார்ட்டி ஃபோர்," என்றது திரைக்குப் பின்னாலிருந்து ஒரு கம்பீரமான குரல். "இதையும் எழுதிக்குங்க லா."

அன்று அந்த இல்லத்தில் எழுந்த சிரிப்பு இருக்கிறதே, சந்து முனை பூக்கடை வரைக்கும் கேட்டதாம். கேள்வி என்னவென்றே தெரியாத கோடிக்கட்டில் மங்களம்கூடச் சிரித்தார்.

சிரித்து முடித்ததும் கோ மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முதலிலிருந்து படிக்கலாம் என்றார். அனுப்ரியா படிக்க, சந்தேகம் வந்த இடத்தில் சந்திரமதி சொல்ல, இரண்டு மணி நேரம் ஓடியது. பிப்ரவரி பன்னிரண்டு வந்தது. அனுப்ரியா இப்போது மேடைக் குரலில் படிக்கவில்லை.

"'நாலு நாளா வெளிக்குப் போகல. வயிறு கல்லு மாதிரி. புது மாத்திரை ஆரம்பிச்ச நாளையும் இதையும் டாக்டர்கிட்ட காட்டினேன். மாத்திரையை மாத்தினார். பதிமூணாந் தேதி: நல்லாப் போனார். அல்ஹம்துலில்லாஹ் என்று சத்தமாகச் சொன்னார்.'"

கோ மேடம் அந்தப் பக்கத்தின் மேல் கையை வைத்தார். அந்த வயதில் நாலு நாள் அடைப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்று அவருக்குத் தெரியும். முன்பு தாதியாக இருந்தவர். தான் பார்த்த புத்தகங்களிலேயே உண்மையான புத்தகம் இது என்றார். ஹலீமா அதைத் தமிழில் சொன்னபோது, சந்திரமதி முந்தானையால் முகத்தைத் துடைப்பதுபோல் திரும்பிக்கொண்டாள். உரிமத்துக்குத் தடையில்லை. வேறு யார் வேலைக்கு வந்தாலும் புரியும்படி ஒரு விளக்கத்தாள் மட்டும் முன்பக்கத்தில் ஒட்டச் சொன்னார்.

எல்லாரும் மூச்சு விட்ட நேரத்தில்தான், எழுந்துகொண்டே கோ மேடம் அதைக் கேட்டார். இந்த 'வெளிக்கு' புரிந்துவிட்டது. அந்த இன்னொரு 'வெளியே' இருக்கிறதே, அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

சந்திரமதி மனசுக்குள் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். பெருந்தொற்றின்போது அடைத்த வாசல். பிறகு வாசற்படி உயரம் என்றார்கள், ஆள் போதாது என்றார்கள், நாளைக்கு என்றார்கள். தெருவப் பாத்து ஆறு வருஷமாச்சு. அவர் சொன்னதைக் கேட்டபோது தன் புத்தகத்துக்காகத்தானே பயந்தோம், அவருக்காக வருத்தப்படவில்லையே என்று நினைத்துக்கொண்டாள்.

"இல்ல மேடம்," என்றாள் தமிழிலேயே. "ஒரு பக்கத்துலயும் இல்ல. எழுதுற மாதிரி செய்றோம்."

அனுப்ரியா அதைப் பெயர்த்துச் சொன்னார். இந்தத் தடவை ஒரு சொல்லும் பிசகவில்லை.

நாலாவது சனிக்கிழமை. வாசற்படிக்கு அலுமினியச் சரிவுப்பலகை வந்திருந்தது. ஹலீமாவின் உறவுக்காரர்கள், சந்திரமதியின் அடுக்குமாடித் தோழிகள் என்று நாற்காலிக்கு ஒருவராகத் தள்ள வந்திருந்தார்கள். சீருடை இல்லாமல், ஷூவுக்குப் பதில் செருப்பு மாட்டிக்கொண்டு அனுப்ரியாவும் வந்து நின்றார். கதவைத் திறந்ததும் மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது, பதினான்கு பேரும் இறங்கி முடியும் வரை யாரும் அதை நிறுத்தப் போகவில்லை.

ஐந்தடி நடைபாதையில் அந்த ஊர்வலம் போனதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மங்களம் முழம் போட்ட மல்லிகையைக் கேட்டு வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார். காய்கறிக் கடைக்காரர் கூடைகளை ஒதுக்கி வழிவிட்டார். பயணப்பெட்டிகள் அடுக்கிய கடை வந்ததும் காதர் மைதீன் கையை உயர்த்தினார். மொத்த ஊர்வலமும் நின்றது. ஒரு நீலப் பெட்டியின் ஜிப்பை இழுத்துப் பார்த்தார், சக்கரத்தைத் தட்டிப் பார்த்தார், கடைக்காரரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"இதுல போட்டா துணி ஏர்போர்ட் தாண்டாது தம்பி. என்ன விலை?"

"எங்க பாய் பயணம்?" என்றாள் சந்திரமதி.

"கேட்டு வச்சுக்கிறேன் லா. இனிமே நான் வெளிய போற ஆளு."

திரும்பி வந்தபோது தூறல் போட்டிருந்தது. சந்திரமதி புதுக் குறிப்பேட்டைத் திறந்து, ஸ்கேல் வைத்து ஒரு கோடு இழுத்து, இரண்டு கட்டம் பிரித்தாள். ஒன்றின் தலையில் 'வெளிக்கு'. மற்றதில் 'வெளியே'.

"மாத்திப் போட்டுடாத புள்ள," என்றார் காதர் மைதீன் கட்டிலிலிருந்து. "மறுபடியும் ஆபீஸ்காரங்க வந்துருவாங்க."

துடைப்பதற்கு வாளியோடு வந்த பெண்ணை ஹலீமா கையமர்த்தினார். வாசலிலிருந்து ஒவ்வொரு கட்டில் வரைக்கும் சக்கரங்களின் ஈரத்தடம் போயிருந்தது. இரண்டு இரண்டு கோடாக, பதினான்கு ஜோடி. சாயங்காலம் வரைக்கும் அது அப்படியே கிடக்கட்டும் என்றார்.

அவ்வளவுதான், கண்களா. உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு உள்ளே போவது ருசிக்கட்டும், வெளிக்குப் போவது சுகமாகப் போகட்டும். வெளியே போக ஆசைப்படும்போது நாற்காலியைத் தள்ள ஒரு கை இருக்கட்டும். போனவர்கள் எல்லாரும் விளக்கு வைப்பதற்குள், நனைந்தாலும் சரி, சிரித்துக்கொண்டே உங்கள் வாசலுக்குத் திரும்பி வரட்டும்.