காலி மேடைக்கு ஒரு மைக்

உடல் வைத்த சந்தூக்கைத் தோளில் ஏற்றியவர்கள் வாசலைத் தாண்டியதும் நின்றுவிட்டார்கள். வீட்டுக்கும் எதிரே இருந்த சபா மண்டபத்துக்கும் நடுவே, தெருவின் குறுக்கே ஒரு கறுப்பு ஒயர் தொய்ந்து கிடந்தது. முந்தின நாள் மாலை அம்பரீனின் அத்தா அப்துல் சத்தார் தானே ஸ்டூல் போட்டு ஏறிக் கட்டியது. கையில் வலு இல்லாததால் இழுத்துக் கட்ட முடியவில்லை. இப்போது அவருடைய சந்தூக்கே அதில் தட்டி நின்றது.

"கழட்டிப் போடு அம்பரீன்," என்றான் முன்னால் தோள் கொடுத்திருந்த அண்ணன் ஷாஹித், திரும்பிப் பார்க்காமல்.

அம்பரீன் கழற்றவில்லை. துணி காயப்போடும் கொம்பை எடுத்து வந்து, வாசற்படிக்கு உள்ளே நின்றபடியே ஒயரை உயர்த்திப் பிடித்தாள். அத்தா அதனடியில் போனார். பச்சைப் போர்வையின் ஓரம் கொம்பை உரசியது.

"வந்து நானே அவுக்கறேன்," என்று ஷாஹித் சொன்னது கலிமா ஓதும் சத்தத்தில் பாதிதான் கேட்டது.

கமலவேணியம்மாள் எந்தெந்த ஊரிலோ பாடிப் பேர் வாங்கியவர். ஆனாலும் வருஷத்துக்கு ஒருமுறை பிறந்த ஊருக்கு வந்து, அந்த எதிர் மண்டபத்தில் பாடாமல் இருந்ததில்லை. அங்கே அவருக்கு மைக் வைத்தது அத்தா மட்டும்தான். ஹலோ, ஒன் டூ த்ரீ என்றெல்லாம் சொல்லமாட்டார். மைக்கின் தலையில் நகத்தால் இரண்டு தட்டு. அம்மாள் தலையசைத்தால் கச்சேரி தொடங்கும். மண்டபத்தில் கரண்ட் நிலையில்லாமல் இருந்த காலத்தில் ஆம்ப்ளிஃபயரை வீட்டு முன்னறையில் வைத்து, தெருவின் குறுக்கே மைக் ஒயரை இழுத்தார். பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது.

அம்மாள் இறந்தபின் சபாக்காரர்கள் ஒரு வழக்கம் ஏற்படுத்தினார்கள். நினைவு நாளில் மேடையில் யாரும் பாடுவதில்லை. அவர் உட்கார்ந்த இடத்தில் ஜமக்காளம், படம், எதிரே மைக். ஒரு பாட்டு பாடி முடிக்கும் நேரம் எல்லோரும் எழுந்து நிற்பார்கள். மைக் உயிரோடு இருக்க வேண்டும், செத்த மைக்கை அந்தம்மா முன்னால் வைக்கக்கூடாது என்று சொன்னவர் அத்தாதான்.

அந்த நேரத்தில் ஆம்ப்ளிஃபயரில் ஒலி அளவு காட்டும் மீட்டரின் முள் அசைகிறது என்று சொன்னவரும் அவர்தான். ஷாஹித் சிரித்தான். காற்று என்றான், ஈ என்றான், கடைசியில் அவரைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனான். அம்பரீன் சிரிக்கவில்லை. நம்பவும் இல்லை. இரண்டில் எது அத்தாவைத் தனியாக விடுவது என்று தெரியாமல், அந்த நாளில் அவருக்கு டீ போட்டுக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். ஒரு வருஷமும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில்லை.

நேற்று, இன்றைய நினைவு நாளுக்காக ஒயர் கட்டி இறங்கியவர் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார். "மேல் ஸ்தாயிக்குப் போறப்ப வால்யூம கொஞ்சம் எறக்கணும்மா. இல்லன்னா அந்தம்மா கொரலு கிழிஞ்சிடும். எனக்கு முடியலன்னா நீ பாத்துக்க."

"சரித்தா," என்றாள், வேறு வேலையாக.

விடிகாலைத் தொழுகைக்கு எழுப்பப் போனபோது அவர் கை சில்லிட்டிருந்தது. தான் சொன்ன அந்தச் சரி பகல் முழுக்க அவள் காதில் நின்றது.

மதியம் சபா செயலாளர் வீரபாகு பெரிய ரோஜா மாலையோடு வந்தார். மையத்துக்கு மாலை போடுவதில்லை என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. அவரும் அதைக் கீழே வைக்க மனமில்லாமல் ஏந்தியபடியே நின்றார். கதவிடுக்கில் அம்மா உம்முசல்மாவின் குரல் வந்தது. "அந்தம்மா படத்துக்கே போட்ருங்கபா. அவருக்கு அதான் புடிக்கும்." வீரபாகு மூக்கை உறிஞ்சினார். இந்த வருஷம் மைக் வேண்டாம், விளக்கேற்றி முடித்துக்கொள்கிறோம் என்றார். அம்பரீன், மைக் இருக்கும் என்று மட்டும் சொன்னாள்.

இப்போது ஆண்கள் போய்விட்டார்கள். முன்னறையில் அத்தரும் சாம்பிராணியும் மிச்சம் இருந்தன. கட்டில் கிடந்த இடம் வெறுமையாக, அளவுக்கு மீறிப் பெரிதாகத் தெரிந்தது. அம்பரீன் அத்தாவின் நாற்காலியில் உட்கார்ந்து ஆம்ப்ளிஃபயரின் சுவிட்சைப் போட்டாள். பழைய வால்வுகள் மெல்லச் சிவந்தன.

உள்ளே யாசீன் ஓதிக்கொண்டிருந்த மாமி, அத்தாவின் அக்கா, எழுந்து வந்தாள். "மவுத்தான வூட்ல பாட்டு பொட்டிய போடறியா?"

"பாட்டு கெடையாது மாமி. சத்தமே வராது."

"சத்தமே வராததுக்கு எதுக்குமா கரண்டு?"

உள்ளிருந்து உம்முசல்மா சொன்னாள்: "வுடுங்க. இந்த ஒரு நாளு மட்டும் அவர் எனக்கு புருசனா இருந்ததே இல்ல."

மாமி அவளைப் பார்க்கப் போனாள்.

திறந்த கதவு வழியே மண்டபத்தின் மேடை தெரிந்தது. வீரபாகு ரோஜா மாலையைப் படத்துக்குப் போட்டுவிட்டு இறங்கினார். மின்விசிறிகளை நிறுத்தினார்கள். எல்லோரும் எழுந்தார்கள். பக்கத்து வீட்டுத் தறி மவுத்துக்காகக் காலையிலிருந்தே நின்றிருந்தது. தெரு இவ்வளவு அமைதியாக இருந்து அவள் கேட்டதில்லை. மண்டப வாசலில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் லேசாக இரைந்தது.

பிறகு அதில் இரண்டு தட்டு கேட்டது. நகத்தால் தட்டியதுபோல்.

மேடையில் யாருமே இல்லை. வீரபாகுவின் தலை மைக் பக்கம் திரும்பியது. முன்வரிசையில் ஒரு பெண் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். யாரும் நகரவில்லை.

முள் எழுந்தது. துள்ளவில்லை; மூச்சு இழுப்பதுபோல் எழுந்து, நின்று, இறங்கியது. மறுபடி எழுந்தது. ஸ்பீக்கரில் இரைச்சலைத் தவிர ஒன்றுமில்லை. காற்றோ என்று அம்பரீன் கதவை ஒருக்களித்துப் பார்த்தாள். மேஜையைத் தொடாமல் விலகி உட்கார்ந்து பார்த்தாள். முள் தன் பாட்டுக்கு ஏறி இறங்கியது. கீழே நெடுநேரம் நின்றது, மெல்லப் படியேறியது, ஓரிடத்தில் நடுங்கி நின்றது. நடுங்கும் அந்த இடம் அவளுக்குத் தெரிந்ததாக இருந்தது. சின்ன வயதில் அம்மாளின் குரலில், தூக்கத்தில் கேட்டது. பயம் வந்தது, ஆனால் அது தன்னைப் பற்றிய பயமாக இல்லை. இத்தனை வருஷம் இதன் முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தவரை நினைத்து வந்தது.

வாசலில் செருப்பைக் கழற்றும் ஓசை. ஷாஹித் எல்லோருக்கும் முன்னால் திரும்பியிருந்தான். நகக்கண்களில் கபர்க்குழி மண் இருந்தது. ஒயரை அவிழ்க்க ஸ்டூலை இழுத்தவன் மீட்டரைப் பார்த்தான். காலி மேடையைப் பார்த்தான். மீண்டும் மீட்டரைப் பார்த்தான். அந்த ஸ்டூலிலேயே, தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான்.

முள் சிவப்புக் கோட்டை நோக்கி ஏறத் தொடங்கியது.

"மேல போய்க்கினு இருக்குது பாரு," என்றான் மிக மெதுவாக. "கொஞ்சம் எறக்கு."

அவள் வால்யூம் குமிழைத் தொட்டாள். யாரோ இப்போதுதான் விரலை எடுத்ததுபோல் அது வெதுவெதுப்பாக இருந்தது. கையை எடுக்காமல், மெல்ல இடப்பக்கம் திருப்பினாள்.