ரனீமின் ஹுல்வான்

டாக்ஸிக்காரர் கண்ணாடி வழியாக முதலில் என் மடியைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். மடியில் வட்டமான செம்புத் தட்டு. தட்டில் மூன்று கிலோ குனாஃபா. அடியில் சீஸ் இன்னும் உருகிக்கொண்டிருந்தது, மேலே ரவை ஆரஞ்சு நிறத்தில் முறுகி, பாகில் மினுங்கியது.

"என்ன விசேஷம் அண்ணே? தவ்ஜிஹி பாஸா?"

"தவ்ஜிஹி எல்லாம் ஒரு பரீட்சையா? வருஷா வருஷம் ஊர்ப் புள்ளைங்க பாதிப் பேரு பாஸ் பண்றாங்க. இது அதைவிடப் பெருசு. என் மக நாலரைக் கிலோ குறைஞ்சிருக்கா!"

வண்டி ஒரு நொடி மெதுவானது. "அதுக்கா இது?"

"பின்னே? நல்ல சேதி வந்த வீட்டுல ஹுல்வான் குடுக்காம வாயை மூடிக்கிட்டு இருக்கச் சொல்றீங்களா?"

அவர் கண்ணாடியை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். ஏன் என்று நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசித்துவிட்டுக் காரியம் செய்கிற வழக்கம் எனக்கு இருந்தால் என் மனைவி என்னோடு இத்தனை வருடம் மல்லுக்கட்டியிருக்க மாட்டாள்.

அம்மான் நகரத்தின் பழைய கடைவீதியில் இருபத்தாறு வருடமாக என் இனிப்புக் கடை இருக்கிறது. எங்கள் பக்கத்தில் என் தட்டு போகாமல் ஒருவனும் பரீட்சையில் தேறியதில்லை, ஒருத்திக்கும் நிச்சயம் ஆனதில்லை. நல்லது நடந்தால் நடந்தவன் மற்றவர் வாயை இனிப்பாக்க வேண்டும். அதுதான் ஹுல்வான். கொடுக்காதவனைக் கஞ்சன் என்போம், நானே உரக்கச் சொல்லியிருக்கிறேன். எனக்கு மூன்றும் பெண்கள். மூத்தவள் ரனீம், வயது பதினான்கு, அதனால் ஊருக்கு நான் அபூ ரனீம், ரனீமின் அப்பா. சென்ற குளிர்காலத்தில் இரத்தத்தில் சர்க்கரை எல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று சொல்லி, பள்ளி மருத்துவர் அவளை எடைகுறைப்பு வகுப்புக்கு எழுதிக்கொடுத்தார். பன்னிரண்டு வாரம், வாரம் இரண்டு மாலை, எட்டுப் பிள்ளைகள். கடைக்கு நேர் மேலே, குன்றின் உச்சியில் இருக்கிற சுகாதார நிலையத்தில். இடையில் நூற்று முப்பத்தேழு படிகள்; வண்டி என்றால் குன்றைச் சுற்றி வர வேண்டும்.

முதல் நாள் பெற்றோருக்கும் வகுப்பு வைத்தார்கள். நிஸ்ரீன் என்ற டாக்டரம்மா பலகையில் எழுதினார்: உணவைப் பரிசாகவும் தராதீர்கள், தண்டனையாகவும் ஆக்காதீர்கள். நான் தலையாட்டினேன். ஒரு தாளில் எழுதியும் வைத்துக்கொண்டேன். ஆனால் ஹுல்வான் பரிசா, சொல்லுங்கள்? பரிசு என்பது நமக்குக் கிடைப்பது. ஹுல்வான் என்பது நாம் பிறருக்குக் கொடுப்பது. ரனீம் ஒரு வாய்கூடச் சாப்பிட வேண்டாம். மற்றவர்கள் சாப்பிட்டால் போதும். டாக்ஸியில் இந்த வாதம் எனக்கு மிகவும் பலமாகத் தோன்றியது.

இரண்டு மாதம் மாட்டேன் என்று முரண்டு பிடித்துவிட்டுத்தான் அவள் சம்மதித்தாள். அதற்கும் ஒரு நிபந்தனை. "யாரும் எதுவும் கேக்கக் கூடாது. சொல்லணும்னு தோணுனா நானே சொல்லுவேன்." நாங்கள் கேட்கவில்லை. அவள் படியேறும்போது கடை வாசலிலிருந்து பார்ப்பேன். தொண்ணூறாவது படியில் ஒரு வீட்டு எலுமிச்சை மரம் சுவரைத் தாண்டித் தொங்கும். அங்கே எப்போதும் உட்கார்ந்துவிடுவாள். அவள் திரும்பிப் பார்ப்பதற்குள் நான் உள்ளே போய்விடுவேன். ஏழு வாரம் இப்படியே போயிற்று. முந்தின நாள் அவளாகவே கடைக்குள் வந்தாள், அடுப்புப் பக்கம் நின்றாள், என் காதில் சொன்னாள்: "பாபா, நாலரைக் கிலோ." அவ்வளவுதான். அவள் அம்மாவுக்குக்கூடச் சொல்வதற்கு முன்பு எனக்குச் சொன்னாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. புகை என்று சமாளித்தேன்.

சுகாதார நிலையத்தில் வகுப்புக் கதவைத் தோளால் தள்ளித் திறந்தேன். எட்டுப் பிள்ளைகளும் பாயில் நின்று கையை மேலே தூக்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கு முன்னால் நெய் வாசனை உள்ளே போய்விட்டது. தூக்கிய கை தூக்கியபடியே இருக்க, எட்டு முகமும் என் தட்டின் பக்கம் திரும்பின.

"யா அல்லாஹ்!" என்றான் கினான் என்ற பையன். "மேல பிஸ்தா வேற!"

"அபூ ரனீம், என்ன இது?" என்றார் நிஸ்ரீன்.

"ஹுல்வான் டாக்டரம்மா! என் மக நாலரைக் கிலோ..."

ரனீமின் கைகள் மட்டும் மெதுவாகக் கீழே இறங்கின. அந்த அறையில் யார் எடையும் யாருக்கும் தெரியாது. திரைக்குப் பின்னால் ஒவ்வொருவராகப் போய் எடைக்கருவியில் நிற்பார்கள். நான் ஏழு வார இரகசியத்தைக் குனாஃபாவோடு கொண்டுவந்து நடுக்கூடத்தில் வைத்துவிட்டேன். அவள் காலணியைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

நிஸ்ரீன் குரலை உயர்த்தவில்லை. "இந்தப் புள்ளைங்க ஏழு வாரமா எதோட போராடிக்கிட்டு இருக்காங்கன்னு நெனச்சீங்க?"

வெட்கத்தோடு தட்டைத் தூக்கிக்கொண்டு ரனீமின் பின்னால் ஓடினேன்.

படிகளின் அடிவாரத்தில்தான் அவளைப் பிடித்தேன். கடைசிப் படியில் உட்கார்ந்து காலணி போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் செருப்புத் தைப்பவரும் இரண்டு சுமைக்காரர்களும் இருந்தார்கள். தட்டை அவர்கள் முன்னால் வைத்தேன். கையாலேயே பிய்த்துத் தின்றார்கள். "மப்ரூக்! என்ன விசேஷம்?" என்று வாழ்த்திக் கேட்டார்கள்.

"சும்மாதான்," என்றேன். காரணம் சொல்லாமல் நான் ஹுல்வான் கொடுத்தது வாழ்க்கையிலேயே அன்றுதான்.

"தப்புப் பண்ணிட்டேன்டா கண்ணு," என்றேன் அவளிடம்.

"உங்ககிட்டதான் மொதல்ல சொன்னேன்." அவள் என்னைப் பார்க்காமல் காலணி நாடாவையே பார்த்தாள். "யம்மாகிட்டகூடச் சொல்லல. இனிமே நல்ல சேதி வந்தா உங்ககிட்ட சொல்லவா, மறைக்கவா? நீங்களே சொல்லுங்க. சொன்னா தட்டோட வந்து நிப்பீங்க."

மறைத்துவிடுவாளோ என்று பயந்தேன். அதற்கு அவள் என்னை ஓர் அடி அடித்திருந்தால்கூடத் தேவலை.

"சந்தோஷம் வந்தா என் கை தானா அடுப்புப் பக்கம் போயிடுது. எனக்கு வேற என்ன தெரியும், சொல்லு?"

"கத்துக்கோங்க. நான் கத்துக்கலையா?"

எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டாள். "அஞ்சு மணி வரைக்கும் வகுப்பு இருக்கு."

"திரும்பவும் போறியா?"

"பின்னே? உங்களால நான் விட்டுடணுமா?"

காலித் தட்டோடு நானும் ஏறினேன். நாற்பதாவது படியில் என் மூச்சு என்னிடம் இல்லை. உட்கார்ந்துவிட்டேன். அவள் போய்க்கொண்டே இருந்தாள். அறுபது. எண்பது. எலுமிச்சை மரம் வந்தது. அவள் கை சுவரைத் தொட்டது, அவ்வளவுதான், உட்காரவில்லை. நான் எண்ணுவதைக்கூட மறந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தேன். நூறைத் தாண்டினாள். உச்சிக்குப் போய், முழங்காலில் கைவைத்து நின்றாள்.

என் கை அடுப்பைத் தேடியது. மடியில் காலித் தட்டுதான் இருந்தது. கவிழ்த்துப் போட்டு அடித்தேன். கல்யாண ஊர்வலத்தில் மேளக்காரன் அடிப்பானே, அந்த அடி. செம்பு அப்படி முழங்கும் என்று இருபத்தாறு வருடமாக எனக்குத் தெரியாது. இரண்டு ஜன்னல் திறந்தன. துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்மணி, யாருக்கு என்ன என்று கேட்காமலே நாக்கைச் சுழற்றி நீளமாகக் குலவையிட்டாள். அப்புறம்தான் மேலே பார்த்துக் கேட்டாள்.

"என்னம்மா விசேஷம்? தவ்ஜிஹியா?"

என் கை அந்தரத்தில் நின்றது. இந்தத் தடவை நான் வாயைத் திறக்கவில்லை. ரனீம் மூச்சு வாங்கியபடி கீழே என்னைப் பார்த்தாள்.

"நூத்தி முப்பத்தேழு படி, காலாம்மா!" என்று கத்தினாள். "நிக்காம!"

அந்தப் பெண்மணிக்கு ஒன்றும் புரிந்திருக்காது. முன்னைவிட நீளமாக இன்னொரு குலவை இட்டாள். நான் அடித்தேன். விரலெல்லாம் பாகு, ஒவ்வோர் அடிக்கும் செம்போடு ஒட்டி ஒட்டிப் பிரிந்தது.