மேயர் வீட்டின் பின்கட்டு

ஆட்சி கவிழ்ந்த கையோடு பழைய மாநகராட்சி மன்றமும் கலைந்தது. தேர்தல் வரும்வரை யாரை மேயராக உட்காரவைப்பது என்று புதிய கட்சிகள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்தன. எந்தக் கட்சியிலும் இல்லாதவர் என்ற ஒரே தகுதியால் ஒரு பொருளாதாரப் பேராசிரியை மேயரானார். மாணவர்கள் அவருக்கு வைத்திருந்த பட்டப்பெயர் ‘விலைவாசி’. எதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்பார்.

ஏழைகளின் தெருக்களில் தண்ணீருக்கு ஏன் அதிகக் கட்டணம் என்று ஒருமுறை கட்டுரை எழுதினார். அப்போது பதவியிலிருந்த பழைய மேயர் பல்கலைக்கழகத்திடம் ஒரு வார்த்தை சொன்னார். பல்கலைக்கழகம் பேராசிரியையை வேலையிலிருந்து நீக்கி வீட்டுக்கு அனுப்பியது. பிறகு மாணவர்களுக்கு வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் வகுப்பு. கணவரின் மருந்துக் கடைதான் குடும்பத்தைத் தாங்கியது.

பதவியேற்ற வாரமே துணை மேயர் ஓடிவந்தார். துடிப்பான இளைஞர், பழைய ஆட்சியில் சிறைக்கும் போய்வந்தவர்.

“மேடம், மேயர் பங்களாவை இன்னும் அந்த ஆள் காலி பண்ணல. வாசல்ல ஜனங்க கூடிட்டாங்க. இன்னைக்கே சாமானைத் தூக்கி வெளிய வெச்சிரலாம். டிவிக்காரங்களும் வந்திருக்காங்க.”

பதில் சொல்வதற்குள் கணவரிடமிருந்து ஃபோன்.

“மேயரம்மா, கொஞ்சம் கேளு. பழைய மேயர் சம்சாரத்துக்கு நம்ம கடை மருந்துதான் போகும். கூட்டத்துக்குப் பயந்து டெலிவரி ஆள் போகமாட்டேங்கிறான். நிறுத்தக்கூடாத மருந்தும்மா.”

“இத்தனை வருஷம் அவங்களுக்கா மருந்து குடுத்தீங்க? என்கிட்ட சொல்லவே இல்லையே?”

“சொன்னா நீ சண்டைக்கு வருவ. வியாதிக்கு என்ன கட்சி?”

பேராசிரியை ஃபோனை வைத்துவிட்டு எழுந்தார். கடைக்குப் போய் மருந்துப் பையை வாங்கிக்கொண்டு பங்களாவுக்குப் போனார். வாசலில் நின்றவர்கள் கைதட்டி வழிவிட்டார்கள்.

உள்ளே வேலைக்காரர்கள் ஒருவரும் இல்லை. பெரிய கூடத்தைத் தாண்டிப் பின்கட்டுக்குப் போனபோது, இத்தனை வருஷம் தொலைக்காட்சியில் கர்ஜித்த பழைய மேயர் பனியனோடு நின்று மனைவிக்குத் தலைவாரிக்கொண்டிருந்தார். சீப்பில் முடி சிக்கும்போதெல்லாம் “வலிக்குதா? வலிக்குதா?” என்று கேட்டார். பேராசிரியையைப் பார்த்ததும் கை நின்றது.

அந்த அம்மா மட்டும் மலர்ந்து சிரித்தார். “அக்கா! எப்ப வந்த? சாப்பிட்டியா?”

“யாரையும் தெரியாதுங்க அவளுக்கு,” என்றார் பழைய மேயர், தரையைப் பார்த்தபடி. “அவ அக்கா போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாச்சு.”

அந்த அம்மா கையை நீட்டினார். பேராசிரியை ஒரு கணம் தயங்கினார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். “சாப்பிட்டேம்மா. நீ சாப்பிட்டியா?”

மருந்தைக் கொடுத்துத் தண்ணீரும் குடிக்கவைத்தார். அந்த அம்மா எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டே தன் கட்டிலைத் தேடிப்போய்ப் படுத்துக்கொண்டார்.

“எப்ப காலி பண்ணணும்?” என்று கேட்டார் பழைய மேயர்.

“எங்க போவீங்க?”

“தெரியல. பையன் ஃபோனை எடுக்கமாட்டேங்கிறான். இந்தச் சுவரை விட்டா இவளுக்கு வழி தெரியாது.” சீப்பைக் கீழே வைத்தார். “உங்களுக்கு நான் பண்ணினது...”

“அதை இப்ப பேசவேண்டாம். உங்க மேல விசாரணை நடக்கும், அதுல நான் குறுக்கே வரமாட்டேன். ஆனா இவங்க இங்கேயே இருக்கட்டும்.”

வெளியே வந்து படிக்கட்டில் நின்றார். அவரிடம் ஒலிபெருக்கிகூட இல்லை.

“முன்பக்கம் முழுக்க நாளைலருந்து ஆஸ்பத்திரி. யார் வேணும்னாலும் வரலாம். பின்கட்டுல ஒரு நோயாளி இருக்காங்க. அவங்க அங்கேயேதான் இருப்பாங்க.”

கூச்சல் கிளம்பியது. “உங்க வேலையையே பறிச்சவன் மேடம் அவன்!” என்று ஒருவர் கத்தினார்.

“ஆமா, பறிச்சார். அதுக்கு அவர் பதில் சொல்லுவார். அதுக்காக அந்தம்மாவைத் தெருவுல உட்காரவெச்சா எனக்கு என்ன வேலை திரும்பக் கிடைக்கும்?”

கைதட்டியவர்களில் பாதிப்பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். கூடவே வந்திருந்த துணை மேயர், மேயரின் காரில் ஏறாமல் நடந்தே போனார். மறுநாள் பத்திரிகைகள் பேராசிரியையை விலைபோனவர் என்றன. படித்துவிட்டுக் கணவர் சொன்னார்: “உனக்கு விலை குடுக்க எவன்கிட்ட பணம் இருக்கு? ரேட்டைக் கேட்டாலே மயங்கி விழுவான்.” அழும் நிலையில் இருந்தவர் சிரித்துவிட்டார்.

ஆஸ்பத்திரி சீக்கிரமே நிரம்பி வழிந்தது. காத்திருக்கும் பெண்கள் பின்கட்டு வராந்தாவில் அந்த அம்மாவோடு பேசிக்கொண்டிருப்பார்கள். மழைக்காலம் முடிவதற்குள் அவர் தூக்கத்திலேயே போய்விட்டார். சடங்குகள் முடிந்ததும் பழைய மேயர் தானாகவே விசாரணைக் குழுவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார், தண்டனையும் பெற்றார்.

தேர்தலில் பேராசிரியை நிற்கவில்லை. நின்றிருந்தால் தோற்றிருப்பார் என்று அவருக்கே தெரியும். துணை மேயர் ஜெயித்தார். பொறுப்பை வாங்கிக்கொள்ளப் பேராசிரியையின் அறைக்கு வந்தார்.

“எங்க அம்மாவுக்கு அந்த ஆஸ்பத்திரியிலதான் கண் ஆபரேஷன் பண்ணாங்க மேடம்,” என்றார். “பின்கட்டையும் சேர்த்துப் பெரிசு பண்ணப்போறேன். நீங்க வந்து ஒருதடவை பார்க்கணும்.”

“வர்றேன்ப்பா,” என்றார் அவர். “இப்பவே போலாமா? மேயர் கார் இனிமே உன்னோடது. நீதான் என்னைக் கூட்டிட்டுப் போகணும்.”

இருவரும் சேர்ந்து படியிறங்கினார்கள்.