பூஜையில் வைத்த ஹார்ட் டிஸ்க்

பாலகணேஷின் கையில் துணி அளக்கும் இரும்புக் கம்பி. முதல் அடி என் தம்பி சித்தார்த்தனின் தோளில் விழுந்தது. இரண்டாவதைக் கையால் தடுத்தான். எலும்பு முறிந்த சத்தம் குடோனில் நின்ற எல்லோருக்கும் கேட்டது. ஒருத்தரும் நகரவில்லை. வாங்குகிற சம்பளத்துக்கு இந்த விசுவாசம் வேறு.

தி.நகரில் பாலகணேஷின் பட்டுக்கடையில் நான் பில் போடுகிறேன். கம்ப்யூட்டர்களைத் தம்பி பார்த்துக்கொள்கிறான். விஜயதசமி காலையில் கடையைத் திறந்தால் எல்லாத் திரையிலும் ஒரே வாசகம்: உங்கள் கோப்புகளைப் பூட்டிவிட்டோம், பணம் கொடுத்தால் சாவி தருவோம். ஸ்டாக், பில், தீபாவளி ஆர்டர் எல்லாம் போச்சு.

இப்படி ஒரு நாள் வரும் என்றுதான் எல்லாவற்றுக்கும் ஒரு நகலை ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து, வயரைக் கழற்றி, பீரோவில் பூட்டி வைப்பான் தம்பி. வயர் மாட்டாத வரைக்கும் எந்தத் திருடனாலும் அதைத் தொட முடியாது. ஆயுத பூஜையன்று முதலாளிதான் அதை எடுத்துவரச் சொன்னார். சந்தனம், குங்குமம் வைத்தார். செத்த மாதிரி கிடந்தால் அது என்ன பூஜை என்று தன் கையாலேயே அதைச் சர்வரில் மாட்டினார். நாங்கள் பொரி தின்றுகொண்டு பார்த்தோம்.

சாயங்காலம் கிளம்பும்போது டிஸ்க்கின் லைட் நிற்காமல் மினுக்கியது. ஏதோ சரியில்லை என்று தம்பி வயரைப் பிடுங்கப் போனான்.

"பூஜையில வெச்சதை நாளைக்கு வரைக்கும் தொடக் கூடாதுடா!" என்று அவன் கையில் ஓங்கி ஒன்று வைத்தார் முதலாளி. லீவு நாள் பார்த்துத்தான் இந்தத் திருடர்கள் வருவார்கள். நாங்களோ கதவைத் திறந்துவைத்துக் கற்பூரமும் காட்டியிருந்தோம். விடிவதற்குள் டிஸ்க்கில் இருந்த நகலையும் சேர்த்துப் பூட்டிவிட்டார்கள்.

இப்போது அதே முதலாளி, "எவனுக்குடா பாஸ்வேர்ட் குடுத்த? ஒத்துக்க!" என்று மறுபடியும் கம்பியை ஓங்கினார். "ஆத்தோரத்துப் பசங்கள உள்ள வுட்டேன் பாரு, என்னைச் சொல்லணும்."

அடையாற்றங்கரையில் எங்கள் வீட்டை இடித்து, ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்குத் துரத்தியாகிவிட்டது. வசவு மட்டும் கூடவே வருகிறது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"நீங்கதான் சார் மாட்னீங்க! அவன் கழட்டப் போனப்போ அடிச்சதும் நீங்கதான். இங்க கீற எல்லாரும் பாத்தாங்க. பிரபு அண்ணே, சொல்லுண்ணே!"

சேல்ஸ்மேன் பிரபு அண்ணன் தரையைப் பார்த்தார். பாலகணேஷ் என் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினார். நெற்றி பிளந்து ரத்தம் கண்ணில் இறங்கியது. கம்பி என் தலைக்கு மேலே உயர்ந்தது.

"அக்காவ வுடு சார்!" தம்பி அலறினான். "நான்தான் பண்ணேன். நான்தான் பாஸ்வேர்ட் குடுத்தேன்."

முதலாளிக்கு அவ்வளவுதான் வேண்டியிருந்தது. கம்பியைப் புடவைக் கட்டின் மேல் போட்டுவிட்டு வேர்வையைத் துடைத்தார்.

"பிரபு, வீடியோ எடு. இன்னொரு வாட்டி சொல்லட்டும். போலீசுக்கு இது போதும்."

பிரபு அண்ணன் ஃபோனை நீட்டினார். தம்பி முறிந்த கையை மடியில் வைத்துக்கொண்டு வாயைத் திறந்தான்.

நான் கம்பியை எடுத்தேன். முதலாளி திரும்புவதற்குள் முழங்காலில் ஒன்று, விழுந்ததும் விலாவில் ஒன்று. மனுஷன் சுருண்டுகொண்டு அம்மா, அம்மா என்றார். எனக்குக் கொஞ்சமும் பாவமாக இல்லை.

பிரபு அண்ணன் ஃபோனை இறக்கப் போனார்.

"எறக்காம புடிண்ணே," என்றேன். "இந்த ஆள அடிச்சது நான்தான். என் தம்பி ஒண்ணும் பண்ணல. நல்லா எடு. போலீசுக்கு இத போட்டுக் காட்டு."